சான்றிதழ்த் தேர்வும் இஸ்திகாமத்தும்



நம் சமுதாய இளைஞர்களுள் பலர் இன்று பகலில் ஒரு வேலையிலும், இரவில் ஒரு தடித்த புத்தகத்தின் முன்னும் காலம் கழிக்கின்றனர். கணினித் துறையில் நுழைவதற்கோ, நுழைந்த இடத்திலிருந்து ஒரு படி ஏறுவதற்கோ ஏதேனும் ஒரு சான்றிதழ்த் தேர்வை எழுத வேண்டும் என்று முடிவு செய்தவர்கள் அவர்கள். முதல் வாரத்தில் இரவு ஒரு மணி வரை விழித்திருந்து படிக்கிறார்கள். இரண்டாம் வாரத்தில் வேலைப்பளு குறுக்கிடுகிறது. மூன்றாம் வாரத்தில் உறவினர் வீட்டுத் திருமணம் வருகிறது. அதன் பிறகு அந்தப் புத்தகம் அலமாரிக்கு மேலே போய்விடுகிறது. கேட்டால், "படிக்க ஆர்வம் வரவில்லை" என்கிறோம். ஆர்வம் எங்கே போயிற்று, அதை எப்படித் திரும்பக் கொண்டுவருவது என்று நாம் தேடிக்கொண்டிருக்கும்போதே ஓர் ஆண்டு ஓடிவிடுகிறது.

இந்தத் தேடலே தவறான இடத்தில் நடக்கிறது என்பது நமது கருத்து. ஒரு குறிப்பிட்ட தேர்வை முன்வைத்தே அதை விளக்க விரும்புகிறோம். நம் பிள்ளைகள் மிகுதியாக எழுதும் சி.சி.என்.ஏ. தேர்வையே எடுத்துக்கொள்வோம்.

தேர்வின் தன்மை

சிஸ்கோ நிறுவனம் நடத்தும் இந்த நெட்வொர்க்கிங் தேர்வு, 2020 பிப்ரவரியிலிருந்து 200-301 என்னும் ஒரே தாளாக நடைபெறுகிறது. தேர்வு நேரம் 120 நிமிடம். பாடத்திட்டம் ஆறு பகுதிகளைக் கொண்டது. ஐபி இணைப்பு 25 விழுக்காடு. நெட்வொர்க் அடிப்படைகளும் நெட்வொர்க் அணுகலும் தலா 20. பாதுகாப்பு அடிப்படைகள் 15. ஐபி சேவைகளும் தானியக்கமும் தலா 10. ஒரு கேள்விக்கு விடையளித்து அடுத்ததற்குச் சென்றுவிட்டால் முந்தைய கேள்விக்குத் திரும்ப முடியாது. தேர்ச்சி மதிப்பெண் எவ்வளவு என்பதையும் நிறுவனம் வெளியிடுவதில்லை. கட்டணம் 300 அமெரிக்க டாலர். நம் பணத்தில் 25,000 ரூபாய்க்கு மேல். ஹெல்ப் டெஸ்க்கில் புதிதாகச் சேர்ந்த ஒரு தம்பிக்கு இது ஏறத்தாழ ஒரு மாதச் சம்பளம்.

பள்ளித் தேர்வுக்கு ஆசிரியர் இருந்தார். வருகைப் பதிவேடு இருந்தது. கண்டிப்பதற்கு வாப்பா இருந்தார். இந்தத் தேர்வுக்கு அப்படி ஒருவரும் இல்லை. தேர்வு நாளைக்கூட நாமே குறித்துக்கொள்கிறோம். ஆகவே அதைத் தள்ளிவைப்பதும் நம் கையிலேயே இருக்கிறது. இதன் உண்மையான கடினம் சப்நெட்டிங் கணக்கிலோ ஓஎஸ்பிஎஃப் பாடத்திலோ இருப்பதைக் காட்டிலும், நம்மை யாரும் கேள்வி கேட்காத இந்தத் தனிமையில்தான் அதிகம் இருக்கிறது.

ஆர்வம் முதலில் வருவதில்லை

தொழுகையை எண்ணிப் பார்ப்போம். ஃபஜ்ருக்குப் பாங்கு ஒலிக்கும்போது நாம் எல்லாரும் ஆர்வத்தோடா எழுகிறோம்? மார்கழிக் குளிரில் தண்ணீரில் கை வைக்கும்போது எந்த ஆர்வமும் நமக்கு இருப்பதில்லை. எழுகிறோம், உளூச் செய்கிறோம், பள்ளிவாசலுக்கு நடக்கிறோம். திரும்பி வரும்போதுதான் உள்ளத்தில் ஒரு தெளிவு பிறக்கிறது. செயல் முன்னே செல்ல, உணர்வு பின்னே வந்து சேர்கிறது. நாள்தோறும் ஐந்து முறை இந்தப் பயிற்சியைப் பெறும் சமுதாயமே, படிப்பு என்று வந்தவுடன் "உணர்வு வரட்டும், பிறகு தொடங்கலாம்" என்று உட்கார்ந்திருப்பது விந்தையல்லவா?

குறைவாக இருப்பினும் இடைவிடாது செய்யப்படும் செயலே இறைவனுக்கு மிக விருப்பமானது என்னும் கருத்துடைய நபிமொழியை அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் வழியாக புகாரி, முஸ்லிம் ஆகிய இரு நூல்களும் பதிவு செய்துள்ளன. வணக்கத்தைக் குறித்துச் சொல்லப்பட்ட இந்த வழிகாட்டுதல் மனித இயல்பையும் நமக்கு உணர்த்துகிறது. ஒரே இரவில் ஆறு மணி நேரம் படித்துவிட்டு அடுத்த பத்து நாள் புத்தகத்தைத் தொடாதவரைவிட, நாளுக்கு 45 நிமிடம் படிப்பவரே கரை சேர்கிறார். வெள்ளிக்கிழமையை விட்டுவிட்டு வாரத்துக்கு ஆறு நாள் என்று வைத்துக்கொண்டாலும், 20 வாரத்தில் அது 90 மணி நேரமாகச் சேர்கிறது. இஸ்திகாமத் என்று நாம் சொல்லும் நிலைத்திருத்தலின் கணக்கு இவ்வளவுதான்.

ஹிஃப்ளு மதரஸா கற்றுத்தரும் முறை

தொடர்ந்து படிப்பதற்கான உத்திகளை நாம் காணொளிகளில் தேடுகிறோம். நம் தெருவில் உள்ள ஹிஃப்ளு மதரஸாவை எட்டிப் பார்த்தால் போதும். பத்து வயதுப் பிள்ளை அங்கே ஒவ்வொரு நாளும் மூன்று வேலைகளைச் செய்கிறது. அன்றைய புதிய பாடமாகிய சபக்கை ஒப்புவிக்கிறது. அண்மையில் மனனம் செய்த பகுதியை மீண்டும் ஓதுகிறது. எப்போதோ முடித்த ஜுஸ்உகளிலிருந்து ஒரு பங்கைச் சுற்றுமுறையில் ஓதிக் காட்டுகிறது. புதியதை மட்டும் ஓதிக்கொண்டே போனால் பழையது கரைந்துவிடும் என்பதை உஸ்தாத்மார்கள் தலைமுறை தலைமுறையாக அறிந்து வைத்திருக்கிறார்கள். இடைவெளி விட்டுத் திரும்பப் படித்தல் என்று இன்றைய கல்வியாளர்கள் சொல்வதும் இதே பாதைதான்.

நம் தேர்வுக்கும் இதையே கைக்கொள்ளலாம். 45 நிமிடத்தில் 20 நிமிடம் புதிய பாடம். 15 நிமிடம் சென்ற வாரப் பாடம். 10 நிமிடம் முதல் மாதத்தில் படித்த ஏதேனும் ஒன்று. புதிய பாடம் ஏறாத நாளில் பழைய பாடத்தையாவது திருப்பிப் பார்க்கலாம். வெறுங்கையோடு எழுந்தோம் என்ற நாள் வராது. ஆர்வத்தைக் கொல்வது பாடத்தின் கடினம் என்று எண்ணுகிறோம். பெரும்பாலும் அதைக் கொல்வது, "முன்பு படித்ததும் மறந்துவிட்டதே" என்ற சோர்வுதான்.

நேரத்தைப் பொறுத்தவரை ஃபஜ்ருக்குப் பிந்திய வேளைக்கு ஈடில்லை. தம் உம்மத்தின் அதிகாலைப் பொழுதில் பரக்கத் வேண்டி நபி (ஸல்) அவர்கள் துஆச் செய்ததையும், அதை அறிவித்த ஸக்ர் (ரலி) அவர்கள் தம் வணிகச் சரக்கைக் காலையிலேயே அனுப்பிச் செல்வம் பெற்றதையும் திர்மிதீ, அபூதாவூத் நூல்களில் காண்கிறோம். தொலைபேசி ஒலிக்காத, மேலாளர் அழைக்காத அந்த முக்கால் மணி நேரம், நள்ளிரவில் கொட்டாவியோடு கழியும் இரண்டு மணி நேரத்துக்குச் சமம்.

சிறு வெற்றிகள்

பரந்த பாடத்திட்டத்தை மொத்தமாகப் பார்த்தால் யாருக்கும் மலைப்புத்தான் தோன்றும். அன்றைக்கு ஒரு கணக்கு என்று பார்த்தால் மலைப்பு இல்லை. 192.168.10.77 என்னும் முகவரி, /26 என்ற பிரிப்பில் எந்த சப்நெட்டில் விழும்? சப்நெட் மாஸ்க் 255.255.255.192, ஆகவே 64 முகவரிகள் கொண்ட நான்கு கட்டங்கள். 77 இருப்பது 64 முதல் 127 வரையுள்ள இரண்டாவது கட்டத்தில். முதல் முகவரி நெட்வொர்க்குக்கும் கடைசி முகவரி பிராட்காஸ்ட்டுக்கும் போக, கருவிகளுக்குக் கிடைப்பவை 62. முதல் நாள் இதற்குத் தாளும் பேனாவும் பத்து நிமிடமும் தேவைப்படும். நாளுக்கு ஐந்து கணக்கு என்று போட்டு வந்தால், ஒரு மாதத்தில் தாளே இல்லாமல் விடை வரும். அன்று உள்ளத்தில் தோன்றும் மகிழ்ச்சிதான் நாம் தேடிய ஊக்கம். அது உழைப்பின் கூலியாக வந்தது. உழைப்புக்கு முன்பணமாகக் கிடைக்கவில்லை.

செய்முறைப் பயிற்சியும் அப்படியே. சிஸ்கோ இலவசமாகத் தரும் பாக்கெட் டிரேசர் மென்பொருளில் இரண்டு ரவுட்டர், மூன்று சுவிட்ச் வைத்து ஒரு சிறு நெட்வொர்க்கை அமைக்கலாம். அது இயங்கியதும் அதை நாமே கெடுத்து, பிறகு பிழையைத் தேடிச் சரிசெய்யலாம். ஒரு கணினியின் டீஃபால்ட் கேட்வேயில் ஓர் எண்ணை மாற்றிவிட்டு, பிங் ஏன் போகவில்லை என்று நண்பரைத் தேடச் சொல்லலாம். அலுவலகத்தில் நாளை வரப்போகும் அழைப்பும் இதே வகையாகத்தான் இருக்கும்.

அந்தக் கோப்பு

இப்போது பலர் பேசத் தயங்கும் செய்திக்கு வருகிறோம். நாங்கள் மண்ணடியில் நால்வர் ஓர் அறையில் தங்கித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தோம். தேர்வுக்கு மூன்று வாரம் இருக்கும்போது வாட்ஸ்அப்பில் ஒரு கோப்பு வந்தது. உண்மைத் தேர்வின் கேள்விகளும் விடைகளும் அதில் அப்படியே இருப்பதாகச் சொல்லப்பட்டது. 'டம்ப்' என்று துறையில் அழைக்கப்படுவது அதுதான். எங்களுள் இளையவர் சொன்னார்: "காக்கா, எல்லாரும் இதைப் படிச்சுத்தான் பாஸ் பண்றாங்க. நாம மட்டும் ஏன் கஷ்டப்படணும்?"

அந்தக் கேள்விக்கு உடனே விடை சொல்ல எங்களால் முடியவில்லை என்பதே உண்மை. கட்டணம் வீட்டுப் பணம். தோற்றால் மறுபடியும் 300 டாலர். ஊரில் உம்மாவிடம் என்ன சொல்வது? அறையில் அன்று இரவு நால்வருக்கும் உறக்கம் வரவில்லை. மறுநாள் ஃபஜ்ருக்குப் பிறகு எங்களுள் மூத்தவர் ஒன்றை மட்டும் கேட்டார்: "தம்பி, தேர்வு ஆரம்பிக்கும் முன்னால திரையில ஓர் ஒப்பந்தம் வரும். அதுல சம்மதம்னு நாம அழுத்தணும். இதைப் படிச்சுட்டு அதை எப்படி அழுத்துறது?"

தேர்வின் கேள்விகளைப் பகிரவோ, முறையற்ற வழியில் பெற்றுப் பயன்படுத்தவோ கூடாது என்று தேர்வர் ஏற்கும் ஒப்பந்தம் சொல்கிறது. அதை மீறுவது கண்டறியப்பட்டால் சான்றிதழ் பறிக்கப்படலாம். தேர்வெழுதவே தடை விதிக்கப்படலாம். ஆனால் பிடிபடுவது பற்றியதன்று நம் கவலை. உடன்படிக்கைகளை நிறைவேற்றுமாறு மாயிதா அத்தியாயத்தின் முதல் வசனமே நம்பிக்கையாளர்களுக்குக் கட்டளையிடுகிறது. தானியக் குவியலின் உள்ளே ஈரத்தை மறைத்து விற்ற வணிகரை நபி (ஸல்) அவர்கள் கண்டித்த நிகழ்ச்சியை நாம் ஜும்ஆ மேடைகளில் எத்தனை முறை கேட்டிருக்கிறோம்! மேலே உலர்ந்த சான்றிதழும் உள்ளே ஈரமான அறிவுமாக ஒரு நிறுவனத்தின் முன் போய் நிற்பது அந்தக் குவியலிலிருந்து எவ்வகையில் வேறுபட்டது?

"கோடிகளில் வருமானம் பார்க்கும் நிறுவனம்தானே, அதற்கு என்ன இழப்பு?" என்று சிலர் கேட்கின்றனர். இழப்பு அந்த நிறுவனத்தோடு நிற்பதில்லை. அந்தச் சான்றிதழை நம்பி வேலை தருபவர் ஏமாறுகிறார். நேர்மையாகப் படித்து அதே வேலைக்கு விண்ணப்பித்தவர் தம் இடத்தை இழக்கிறார். மருத்துவமனையில் நெட்வொர்க் முடங்கிய இரவில், எதைத் தொடுவது என்று தெரியாமல் நிற்கும் பணியாளரால் நோயாளிகளும் துன்பப்படக்கூடும். அந்தச் சம்பளம் ஹலாலா என்று மார்க்கத் தீர்ப்பு வழங்கும் தகுதி நமக்கில்லை. அது ஆலிம்களின் பணி. ஆனால் அந்தக் கேள்வியோடு ஒவ்வொரு மாதமும் சம்பளத்தை வாங்குவது எளிதன்று என்பதை மட்டும் சொல்ல முடியும்.

ஊக்கத்துக்கும் இதற்கும் நேரடித் தொடர்பு உண்டு. விடை கையில் இருக்கும்போது பாடத்தைப் புரிந்துகொள்ள எந்த மனமும் உழைக்காது. டம்ப் வந்து சேர்ந்த நாளோடு படிப்பு நின்றுவிடுகிறது. பிறகு நேர்முகத் தேர்வில், "ரவுட்டர் இந்த வழியை ஏன் தேர்ந்தெடுத்தது?" என்று ஒருவர் கேட்டவுடன் சான்றிதழின் மதிப்பு தரையில் விழுகிறது. நூலின் இறுதியில் உள்ள மாதிரி வினாக்களும், முறையாக விற்கப்படும் பயிற்சித் தேர்வுகளும் வேறு. திருடப்பட்ட வினாக்கள் வேறு. முன்னவற்றை எவ்வளவு வேண்டுமானாலும் போட்டுப் பழகலாம்.

ஏற்கெனவே அவ்வழியில் தேறிவிட்ட சகோதரர்களுக்கு ஒரு சொல். தவ்பாவின் கதவு திறந்தே இருக்கிறது. படிக்காமல் விட்டதை இப்போது படித்துக்கொள்ளலாம். இந்தச் சான்றிதழுக்கு ஆயுள் மூன்று ஆண்டுதான். புதுப்பிக்கும் காலம் வரும்போது நேர்மையாக எழுதித் தேறும் வாய்ப்பு ஒவ்வொருவருக்கும் கிடைக்கிறது.

தோல்வியும் தவக்குலும்

அந்த அறையில் நால்வரும் அந்தக் கோப்பைத் திறக்காமலே அழித்தோம். இருவர் முதல் முறையே தேறினார்கள். ஒருவர் வேறு வேலை கிடைத்துத் தேர்வை விட்டுவிட்டார். "எல்லாரும் இப்படித்தான்" என்று சொன்ன இளையவர் தோற்றார். இதைச் சொல்லாமல் விட்டால் நாம் எழுதுவது அழகான கதையாக மட்டுமே இருக்கும். நேர்மையாக நடந்தவருக்கு உடனே வெற்றி கிடைத்துவிடும் என்று மார்க்கம் வாக்களிக்கவில்லை.

தோற்றவர் ஐந்து நாள் காத்திருந்து மறுபடி எழுதலாம் என்பது விதி. அவர் ஐந்து மாதம் எடுத்துக்கொண்டார். தேர்வு மையம் தந்த அறிக்கையில் ஒவ்வொரு பகுதியிலும் பெற்ற விழுக்காடு இருந்தது. பாதுகாப்பிலும் ஐபி சேவைகளிலும் மிகக் குறைவு. அந்தத் தாளைச் சுவரில் ஒட்டிவைத்து, குறைவான பகுதியிலிருந்து தொடங்கினார். "அப்படிச் செய்திருந்தால் இப்படி ஆகியிருக்குமே" என்று நடந்ததை எண்ணி மருகுவதை நபி (ஸல்) அவர்கள் தடுத்திருக்கிறார்கள். பயன் தருவதில் முனைப்புக் காட்டி, இறைவனிடம் உதவி தேடுமாறு அதே நபிமொழி பணிக்கிறது. இரண்டாம் முறை அவர் தேறினார், அல்ஹம்துலில்லாஹ்.

ஒட்டகத்தைக் கட்டிவிட்டுப் பிறகு இறைவன்மீது பொறுப்புச் சாட்டும் வழியே தவக்குல். தேர்வுக்கு முன்னிரவு மட்டும் துஆச் செய்வது கட்டாத ஒட்டகத்துக்குக் காவல் கேட்பது போன்றது. மாறாக, ஐந்து மாதம் படித்துவிட்டு, முடிவை எண்ணி நடுங்கிக்கொண்டே இருப்பதும் நம்பிக்கைக்குப் பொருந்தாது. கட்டியாயிற்று; இனி அவன் பொறுப்பு.

நிய்யத்தையும் சரிசெய்துகொள்வோம். சம்பளம் உயர வேண்டும் என்று விரும்புவதில் குற்றமில்லை. குடும்பத்துக்காக ஹலாலாகப் பொருள் ஈட்டுவது நன்மைக்குரிய செயலே. ஆயினும் அதோடு நிறுத்திக்கொள்ள வேண்டாம். ஸைத் பின் ஸாபித் (ரலி) அவர்கள், யூதர்களின் கடிதங்களைப் படிப்பதற்காக அவர்களுடைய எழுத்தைக் கற்குமாறு நபியவர்களால் பணிக்கப்பட்டு, ஏறத்தாழ அரை மாதத்தில் கற்றுத் தேர்ந்தார். சமுதாயத்துக்கு அந்தத் திறன் தேவைப்பட்டது என்பதே அவருடைய ஊக்கம். நம் படிப்பால் யாருக்குப் பயன் என்ற கேள்விக்கு ஒரு விடை இருந்தால், சோர்ந்த இரவிலும் புத்தகத்தைத் திறக்க ஒரு காரணம் இருக்கும்.

ஜமாஅத்துக்கு ஒரு வேண்டுகோள்

இறுதியாக, படிப்பவரை மட்டும் குறைசொல்லி முடிப்பது நீதியாகாது. ஒரே அறையில் ஆறு பேர் உள்ள வீட்டில் தம்பி எங்கே உட்கார்ந்து படிப்பான்? கைக்குழந்தையோடு இதே தேர்வுக்குப் படிக்கும் சகோதரிக்கு, நாளுக்கு 45 நிமிடம் குழந்தையை வாங்கிக்கொள்வது கணவருக்கும் மாமியாருக்கும் அவ்வளவு பாரமா? ஒரு வலீமாவின் ஒரு சஹன் சோற்றில் வீணாவதைக் கணக்கிடாத நாம், தேர்வுக் கட்டணம் என்றவுடன் "இது தேவையா?" என்று கேட்கிறோம்.

ஒவ்வொரு மஹல்லாவிலும் இரண்டு செயல்களைத் தொடங்கலாம். பள்ளிவாசலை ஒட்டிய மதரஸாக் கட்டடம் பெரும்பாலும் இஷாவுக்குப் பின் பூட்டியே கிடக்கிறது. அதில் ஒரு மேசையும் விளக்கும் இணைய இணைப்பும் தந்து இரவு பத்தரை வரை திறந்து வைக்கலாம். பெண்களுக்குப் பகலில் ஒரு நேரம் ஒதுக்கலாம். அடுத்து, பைத்துல்மாலிலிருந்து தேர்வுக் கட்டணத்தை வட்டியில்லா அழகிய கடனாக வழங்கலாம். வேலை கிடைத்த பின் தவணையில் திருப்பித் தரட்டும். அந்தப் பணம் அடுத்த பிள்ளைக்குப் போகட்டும். "மறுபடி கட்ட வீட்டில் பணமில்லை" என்ற அச்சம்தான் அன்றிரவு எங்கள் அறையில் நால்வரையும் உறங்கவிடாமல் செய்தது. அந்த அச்சத்தைப் போக்குவது, டம்ப் கூடாது என்று பயான் செய்வதைவிட வலிமையான தடுப்பாக அமையும்.

தேர்வு நாளைக் குறிக்காதவர்கள் இன்றே குறித்துக்கொள்வோம். நாளை ஃபஜ்ருக்குப் பின் 45 நிமிடம் உட்காருவோம். ஆர்வம் வரவில்லையென்றாலும் உட்காருவோம்; இன்ஷா அல்லாஹ், அது பின்னால் வந்து சேரும்.

வல்ல இறைவன் நமக்குப் பயனுள்ள கல்வியையும், ஹலாலான வாழ்வாதாரத்தையும், தொடங்கியதை முடிக்கும் உறுதியையும் தந்தருள்வானாக. ஆமீன்.